மனைவிக்கு 58, எனக்கு 67: பென்ஷன் கிரெடிட் ஏன் இல்லை?

கேள்வி: எனக்கு 67 வயது, மனைவிக்கு 58. 1999இல் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் வந்தோம். இருவரும் பிரிட்டிஷ் குடிமக்கள். 22 வருடம் நஷனல் இன்சூரன்ஸ் கட்டியதற்கு, கிழமைக்கு 144.73 பவுண் அரச ஓய்வூதியம் வருகிறது. பதினொரு மாதத்துக்கு முன் எனக்குப் பாரிசவாதம் வந்து இடது பக்கம் இழுத்துவிட்டது. இரண்டு படுக்கையறைக் கவுன்சில் வீடு. உதவியாக இருந்த மகள் கலியாணம் முடித்துப் போய்விட்டாள். இரண்டு மாத வாடகை நிலுவையில் இருக்கிறது. குறைந்த வருமானமுள்ள ஓய்வூதியருக்கு அரசு தரும் பென்ஷன் கிரெடிட் கேட்டேன். மனைவிக்கு வயது போதாது, வேலை செய்யும் வயதினருக்கான உதவியான யுனிவர்சல் கிரெடிட் எடுங்கள் என்று பதில் வந்தது. ஆனால் கோயிலில் பழகும் ஒரு நண்பருக்கு 73, அவருடைய மனைவிக்கு 63. அவர்களுக்குப் பல வருடமாகப் பென்ஷன் கிரெடிட் வருகிறது. இன்னொருவர் நான்கு வருடத்துக்கு முன் ஊரில் மறுமணம் செய்து மனைவியைக் கூப்பிட்டார். அந்தப் பெண்ணுக்கு 49தான். அவருக்கும் வருகிறது. எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை? யுனிவர்சல் கிரெடிட் எடுத்தால் மனைவியை வேலை தேடச் சொல்லுவார்களாம். "பிரிந்துவிட்டோம் என்று எழுதிக் கொடு, தனி ஆளாக எடுக்கலாம்" என்கிறார் மச்சான். ஊரில் அப்பாவின் காணியில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. நாங்கள் என்ன செய்வது?

பதில்: வணக்கம் ஐயா. முதலில் மச்சான் சொன்னதைப் பேசிவிடுவோம். அதைச் செய்ய வேண்டாம். ஒரே வீட்டில் இருந்து, ஒரே அடுப்பில் சமைத்து, உங்களைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றிவிடும் மனைவியைப் பிரிந்துவிட்டதாக எழுதிக் கொடுத்தால் அது மோசடி. பிடிபட்டால் வாங்கிய காசு முழுவதையும் திருப்பிக் கட்ட வேண்டும், வழக்கும் வரலாம். நீங்கள் நியாயமாகக் கேட்கக்கூடிய ஒன்றை இன்னும் கேட்கவே இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு பொய்க்குப் போகத் தேவையில்லை.

சரி, ஏன் மறுத்தார்கள் என்று பார்ப்போம். 2019 மே 15க்கு முன் கணவன், மனைவி இருவரில் ஒருவர் ஓய்வூதிய வயதை அடைந்தாலே போதும். அவர் இருவருக்குமாகப் பென்ஷன் கிரெடிட் எடுக்கலாம். அந்த நாளிலிருந்து புதிதாக விண்ணப்பிப்பவர்கள் இருவரும் ஓய்வூதிய வயதை அடைந்திருக்க வேண்டும். ஒருவர் இளையவராக இருந்தால் இருவரையும் சேர்த்து யுனிவர்சல் கிரெடிட் பக்கம் அனுப்புகிறார்கள். இதற்கான சட்டம் 2012ஆம் ஆண்டின் நலன்புரிச் சீர்திருத்தச் சட்டத்திலேயே இருந்தது. ஏழு வருடம் நடைமுறைக்கு வராமல் கிடந்தது. 2019 ஜனவரி 14 அன்று, பிரெக்சிட் ஒப்பந்தம் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்குப் போவதற்கு முதல் நாள், எழுத்துமூல அறிக்கை ஒன்றில் அறிவித்தார்கள். நாடே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. எங்கள் ஆட்கள் பலருக்கு விஷயம் தெரிய வந்தது, உங்களைப் போல மறுப்புக் கடிதம் கையில் வந்த பிறகுதான்.

அரசாங்கம் சொன்ன காரணம் இது: வேலை செய்யும் வயதில் இருக்கிற ஒருவர், துணைவர் ஓய்வு பெற்றவர் என்பதற்காக வேலைக் கடமையிலிருந்து விலகி இருக்கக் கூடாது. என்னால் இதை ஏற்க முடியவில்லை. இளையவரை வேலைக்கு அனுப்புவது நோக்கமென்றால் மூத்தவரின் தொகையை ஏன் குறைக்க வேண்டும்? இந்த விதி 67 வயதுக்காரரை 58 வயதுக்காரராகக் கணக்குப் பார்க்கிறது. ஏழு, எட்டு, பத்து வயது வித்தியாசத்தில் பேசிக் கலியாணம் செய்து வைத்த எங்கள் தலைமுறைக்கு இது எவ்வளவு பெரிய அடி என்று ஒவ்வொரு மாதமும் பார்க்கிறேன்.

தொகையைப் பாருங்கள். 2025 ஏப்ரல் முதல் 2026 ஏப்ரல் வரையான கணக்கில், பென்ஷன் கிரெடிட்டின் அடிப்படை உத்தரவாதம் தம்பதிக்குக் கிழமைக்கு 346.60 பவுண், மாதத்துக்கு ஏறத்தாழ 1,502. யுனிவர்சல் கிரெடிட்டின் அடிப்படைத் தொகை தம்பதிக்கு மாதம் 628.10. வருடத்துக்குப் பத்தாயிரம் பவுணுக்கு மேல் வித்தியாசம். விதி வந்த 2019இல் இதே இடைவெளி ஏழாயிரத்துச் சொச்சமாக இருந்தது. அதற்கு மேல், உங்கள் அரச ஓய்வூதியத்தை யுனிவர்சல் கிரெடிட்டிலிருந்து ஒரு பவுணுக்கு ஒரு பவுண் கழிப்பார்கள். கிழமைக்கு 144.73 என்றால் மாதத்துக்கு 627.16. 628.10இலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது 94 பென்ஸ். வாடகைக்கான பங்கு தனியாக வரும். ஆனால் சாப்பாட்டுக்கும் மின்சாரத்துக்கும் ஓய்வூதியம் மட்டும்தான். இந்த 94 பென்ஸைக் கண்டு பயந்து பலர் யுனிவர்சல் கிரெடிட் விண்ணப்பத்தையே பாதியில் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் அப்படி விட்டுவிடக் கூடாது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். உங்கள் அரச ஓய்வூதியத்தை இந்த விதி தொடாது. அது நீங்கள் இரவு பகலாக உழைத்துக் கட்டியதற்கு வருவது. மனைவியின் வயதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நண்பரின் விஷயத்துக்கு வருவோம். அவர்கள் 2019 மே 14 அன்றே பென்ஷன் கிரெடிட்டில் இருந்திருப்பார்கள். அன்றைக்கு ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்த வயது வித்தியாசத் தம்பதிகளைச் சட்டம் தொடவில்லை. பென்ஷன் கிரெடிட், அல்லது ஓய்வூதிய வயதினருக்கான ஹவுசிங் பெனிபிட் என்ற வாடகை உதவி, இரண்டில் ஒன்றாவது அறுபடாமல் தொடரும் வரை அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. இரண்டும் அறுந்தால், மனைவிக்கு ஓய்வூதிய வயது வரும் வரை திரும்பப் போக முடியாது. இதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். முக்கியமாக ஊருக்குப் போகும்போது. பென்ஷன் கிரெடிட்டோடு வெளிநாட்டில் இருக்கக்கூடியது பொதுவாக நான்கு கிழமை. நெருங்கிய உறவினர் இறந்து உடனே திரும்ப முடியாத நிலை என்றால் எட்டுக் கிழமை வரை, சிகிச்சைக்காகப் போயிருந்தால் 26 கிழமை வரை இடமுண்டு. நல்லூர்த் திருவிழாவுக்குப் போய் அப்படியே இரண்டு மாதம் சொந்தக்காரர் வீட்டில் தங்குவது எங்களுக்குச் சாதாரணம். பழைய விதியில் இருக்கும் தம்பதிக்கு அந்த இரண்டு மாதம் வருடக்கணக்கான உதவியை இல்லாமல் ஆக்கிவிடும்.

மறுமணம் செய்தவரின் கதை வேறு. அவருடைய மனைவி துணைவர் விசாவில் இருப்பார். அரச உதவி எடுக்கக் கூடாது என்ற நிபந்தனை அந்த விசாவில் உண்டு. அப்படிப்பட்ட துணைவரைப் பென்ஷன் கிரெடிட் சட்டம் தம்பதியாகக் கணக்கில் எடுப்பதில்லை. அதனால் அவருக்குத் தனி ஆளுக்கான தொகை, 2025-26 கணக்கில் கிழமைக்கு 227.10 பவுண் என்ற அளவில், கிடைக்கிறது. மனைவிக்காக எதுவும் இல்லை, இருவரும் அதில்தான் சீவிக்க வேண்டும். ஆகவே அவர்மீது பொறாமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் அவருக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. மனைவிக்கு நிரந்தர வதிவிட உரிமை கிடைக்கும் நாளில் அவர்களும் உங்களைப் போன்ற வயது வித்தியாசத் தம்பதி ஆகிவிடுவார்கள். அன்றோடு பென்ஷன் கிரெடிட் நின்று யுனிவர்சல் கிரெடிட்டுக்கு மாற வேண்டும். வதிவிட உரிமைக் கடிதத்தைக் கொண்டாடிவிட்டு, மாற்றத்தை அறிவிக்காமல் விட்டால் பின்னால் பெரிய கடன் நிற்கும். நான்கு வருடம் ஆகிவிட்டது என்கிறீர்கள், இப்போதே அவர் ஆலோசகர் ஒருவரைப் பார்ப்பது நல்லது.

உங்களுக்கு வந்த மறுப்பு சட்டப்படி சரியானது. அதை எதிர்த்து மேன்முறையீடு என்று மாதக்கணக்கில் அலைய வேண்டாம். உங்கள் மனைவிக்கு 67 ஆகும்போதுதான், அதாவது இன்னும் ஒன்பது வருடத்தில், அந்தக் கதவு திறக்கும். அப்போது உங்களுக்கு 76. இதை எழுதவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் தெரிந்துகொள்வது நல்லது.

இனி நீங்கள் கேட்காமல் விட்டது. கடிதத்தில் பாரிசவாதத்தை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியம். அட்டென்டன்ஸ் அலவன்ஸ் என்று ஓர் உதவி இருக்கிறது. ஓய்வூதிய வயதைத் தாண்டியவருக்கு, உடல் அல்லது மனநலக் குறையால் இன்னொருவரின் உதவி ஆறு மாதமாவது தேவைப்பட்டிருந்தால் கிடைக்கும். வருமானம் பார்ப்பதில்லை, சேமிப்புப் பார்ப்பதில்லை, மனைவியின் வயதும் பார்ப்பதில்லை. வரியும் இல்லை. 2025-26 கணக்கில், பகலிலோ இரவிலோ உதவி தேவைப்பட்டால் கிழமைக்கு 73.90 பவுண், பகலிலும் இரவிலும் தேவைப்பட்டால் உயர் வீதமான 110.40. யுனிவர்சல் கிரெடிட்டில் இதை வருமானமாகச் சேர்த்துக் கழிக்கவும் மாட்டார்கள்.

இதற்கு இன்றே தொலைபேசி எடுத்துப் படிவம் கேளுங்கள். நீங்கள் அழைத்த நாளைப் பதிந்து படிவம் அனுப்புவார்கள். ஆறு கிழமைக்குள் நிரப்பி அனுப்பினால், அழைத்த நாளிலிருந்தே காசு கணக்காகும்.

படிவத்தை நிரப்பும் விதத்தில்தான் எங்கள் ஆட்கள் தோற்கிறார்கள். "எப்படியோ சமாளிக்கிறேன்" என்று எழுதுகிறார்கள். யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று வளர்ந்த தலைமுறை நீங்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் படிவத்தை வாசிக்கிறவருக்கு உங்களைத் தெரியாது. சேட் பொத்தானை யார் பூட்டுகிறார்கள்? குளிக்கும் தொட்டிக்குள் கால் தூக்கி வைக்க யார் பிடிக்கிறார்கள்? சோற்றைக் குழைத்துத் தருவது யார்? மலசலகூடத்துக்குப் போய் எழும்ப உதவி வேண்டுமா? மருந்தை எடுத்துத் தருவது யார்? தனியே நடந்தால் விழுகிறீர்களா, கடைசியாக எப்போது விழுந்தீர்கள்? இவற்றை எழுதுங்கள், ஒவ்வொன்றும் ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எத்தனை நிமிடம் என்பதோடு. சமையல், கடைக்குப் போவது, வீடு கூட்டுவது இதில் கணக்கில்லை, அவற்றால் பக்கத்தை நிரப்ப வேண்டாம். இரவைப் பற்றிய கேள்வி மிக முக்கியம். இரவில் இரண்டு தடவையாவது மனைவி எழும்பி உதவுகிறாரா, அல்லது ஒரு தடவை எழும்பினாலும் இருபது நிமிடமளவுக்கு ஆகிறதா? அப்படியென்றால் அதை அப்படியே எழுதுங்கள். நல்ல நாளை மட்டும் நினைத்து எழுத வேண்டாம், கெட்ட நாளில் எப்படி இருக்கிறீர்கள் என்பதும் வர வேண்டும். ஒரு கிழமைக்கு மனைவியை ஒரு கொப்பியில் குறித்து வைக்கச் சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு எழும்பினார், எதற்காக, எவ்வளவு நேரம். தமிழில் குறித்தால் போதும், மகள் மொழிபெயர்த்து இணைக்கலாம். ஆஸ்பத்திரிக் கடிதமும் மருந்துப் பட்டியலும் கூடப் போகட்டும். உண்மையைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். உங்கள் தலைமுறை குறைத்துத்தான் எழுதும் என்பது என் அனுபவம்.

அட்டென்டன்ஸ் அலவன்ஸ் கிடைத்ததும் யுனிவர்சல் கிரெடிட் கணக்கே மாறும். உங்களைக் கிழமைக்கு 35 மணிநேரமாவது பராமரிக்கும் மனைவிக்குப் பராமரிப்பாளர் கூறு என்று, 2025-26 கணக்கில் மாதம் 201.68 பவுண் சேரும். அப்புறம் மனைவியை வேலை தேடச் சொல்ல முடியாது, அவருக்கு வேலைக் கடமையே இல்லை என்று விதி சொல்கிறது. உங்களுக்கோ வயதின்படி எப்படியும் இல்லை. அட்டென்டன்ஸ் அலவன்ஸ் உயர் வீதத்தில் கிடைத்தால் உங்கள் பெயரில் உடல்நலக் கூறும் கேட்கலாம். அது 2025-26 கணக்கில் மாதம் 423.27. அந்த வருடக் கணக்கில் எல்லாம் கிடைத்தால், ஓய்வூதியத்தைக் கழித்த பிறகும் அந்த 94 பென்ஸ் 625 பவுணுக்கு மேல் ஆகும். அதோடு அட்டென்டன்ஸ் அலவன்ஸ் மாதத்துக்கு ஏறத்தாழ 478 தனியாக வரும். ஆனால் 2026 ஏப்ரலிலிருந்து புதிதாகச் சேரும் பெரும்பாலானவர்களுக்கு உடல்நலக் கூறு ஏறத்தாழப் பாதிதான், அப்போது மொத்தமும் அதற்கேற்பக் குறையும்.

இந்தக் கூறுகள் தானாக வந்து சேராது. அட்டென்டன்ஸ் அலவன்ஸ் முடிவுக் கடிதம் வந்த அன்றே யுனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கில் இருக்கும் ஜர்னலில் இரண்டையும் கேட்டு எழுதுங்கள். தாமதித்தால் பின்தேதியிட்டுத் தருவது சிக்கலாகும். பராமரிப்பவருக்கான கேரர்ஸ் அலவன்ஸ் என்று ஒன்றையும் எடுக்கச் சொல்லி யாராவது சொல்லுவார்கள். அதை யுனிவர்சல் கிரெடிட்டில் முழுதாகக் கழித்துவிடுவார்கள், கையில் கூடுதலாக ஒன்றும் நிற்காது. பராமரிப்பாளர் கூறுக்கு அது எடுத்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

மனைவியின் பக்கத்தில் ஒரு நல்ல விஷயம் உண்டு. யுனிவர்சல் கிரெடிட்டில் இருக்கும் காலத்துக்கு அவர் பெயரில் நஷனல் இன்சூரன்ஸ் வரவு சேரும். அரச ஓய்வூதியம் கிடைக்கக் குறைந்தது 10 வருடம் தேவை. முன்னே பிள்ளையை வளர்த்த காலத்து வரவுகளும் அவருக்கு இருக்கக்கூடும். அவருடைய கணக்கில் இப்போது எத்தனை வருடம் இருக்கிறது என்று பார்த்து வையுங்கள்.

யுனிவர்சல் கிரெடிட்டையும் அட்டென்டன்ஸ் முடிவு வரட்டும் என்று ஒத்திவைக்க வேண்டாம். அது பழைய நாட்களுக்குத் திரும்பிப் போய்த் தருவது மிக அரிது, முதல் காசு வரவே ஐந்து கிழமை ஆகும். இடையில் முற்பணம் கேட்கலாம், ஆனால் அது கடன், பிறகு மாதாமாதம் வெட்டுவார்கள். வாடகை நிலுவைக்குக் கவுன்சில் வீட்டுப் பிரிவோடு இந்தக் கிழமையே கதையுங்கள், யுனிவர்சல் கிரெடிட் போட்டிருக்கிறோம் என்று எழுத்தில் கொடுங்கள். மகளின் அறை இப்போது கூடுதல் அறையாகக் கணக்காகி, வாடகைப் பங்கில் 14 வீதம் வெட்டக்கூடும். பென்ஷன் கிரெடிட் வயதுக்காரருக்கு ஹவுசிங் பெனிபிட்டில் இந்த வெட்டு இல்லை, யுனிவர்சல் கிரெடிட்டுக்குத் தள்ளப்பட்டவருக்கு உண்டு. இந்த விதியின் இன்னொரு அநியாயம் இது. ஆனால் உயர் வீத அட்டென்டன்ஸ் அலவன்ஸ் கிடைத்து, உங்கள் நோயினால் இருவரும் ஒரே அறையில் தூங்க முடியாத நிலை இருந்தால் இரண்டாவது அறைக்கு வெட்டக் கூடாது என்று கேட்கலாம். கவுன்சில் டாக்ஸ் குறைப்புக்கும் தனியாக விண்ணப்பியுங்கள். குளிர்கால எரிபொருள் கொடுப்பனவு உங்கள் வயதுக்கே கிடைக்கும்.

காணியைப் பற்றிக் கேட்டீர்கள். மறைக்க வேண்டாம். யுனிவர்சல் கிரெடிட்டில் சொத்து 16,000 பவுணைத் தாண்டினால் ஒன்றும் கிடையாது, 6,000க்கு மேல் போனால் தொகை குறையும். வெளிநாட்டுக் காணியும் இதில் அடங்கும். ஆனால் முழுக் காணியின் விலையைப் பார்ப்பதில்லை. பிரிக்கப்படாத பொதுக்காணியில் உங்கள் ஒரு பங்கை மட்டும் விற்றால் என்ன கிடைக்கும் என்பதே கேள்வி. சகோதரங்கள் குடியிருக்கும் காணியில் ஒரு பங்கை வெளியாள் வாங்க வருவது அரிது. விற்கும் செலவுக்காக 10 வீதமும் கழிக்க வேண்டும். உறுதியின் பிரதி, எத்தனை பரப்பு, எத்தனை பேருக்குப் பங்கு, யார் அங்கே இருக்கிறார்கள் என்பதை எழுதி வைத்திருங்கள். கையிலிருக்கும் சீட்டுக் காசும் சொத்துத்தான். தாலிக்கொடியும் மனைவி போட்டிருக்கும் நகையும் கணக்கில் வராது.

இவற்றைத் தனியே செய்ய வேண்டாம். சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஏஜ் யூகே இரண்டிலும் படிவம் நிரப்பக் காசு வாங்காமல் உதவுவார்கள். யுனிவர்சல் கிரெடிட்டைக் கவனிக்கும் அரச அலுவலகமான ஜொப் சென்டரில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டால் இலவசமாக ஏற்பாடு செய்வார்கள்.

மனைவி முதல் தடவை ஜொப் சென்டருக்குப் போகும்போது பயப்படாமல் இதை மட்டும் சொல்லட்டும்: "என் கணவருக்குப் பாரிசவாதம். பகலிலும் இரவிலும் நான்தான் பார்க்கிறேன், கிழமைக்கு 35 மணிநேரத்துக்கு மேல். அட்டென்டன்ஸ் அலவன்ஸுக்கு விண்ணப்பித்திருக்கிறோம். முடிவு வரும்வரை என் வேலைக் கடமையை அதற்கேற்றபடி குறைத்து எழுதுங்கள்." அப்படிக் குறைக்க அங்கிருக்கும் அலுவலருக்கு அதிகாரம் உண்டு. கொப்பியில் குறித்ததையும் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள்.